தினம் ஒரு டீக்கடை

என் தம்பி பெங்களூரில் இருக்கிறான். ஏதோ ஒரு பெரிய ஊரில் ஒருவர் ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு பாருக்குப் போனாராம், ஒரு தடவை போன இடத்துக்கு மறுபடி போவதில்லை என்று வைத்துக்கொண்டாராம். அதைப் போனில் சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல இப்படி ஒரு வருஷம் போறதுக்கு என்னக்கா இருக்கு?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அது விளையாட்டாகப் போகவில்லை. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் பதில் எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை என்பதும் கூடவே உறைத்தது.

பார் என்றால் நம் பக்கம் டாஸ்மாக்கை ஒட்டிய கொட்டகைதான். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டதிலிருந்து ஊருக்கு ஊர் ஒரே மாதிரி, இப்போது பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுவார்கள். வேறு மாதிரி வேண்டுமென்றால் காரைக்கால் போகவேண்டும், அது புதுச்சேரிக் கணக்கு, விலையும் குறைவு. சாயங்காலம் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் அதற்காகவே ஏறுகிறவர்கள் உண்டு. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் குடிக்கிற ஆணும் குடிக்காத ஆணும் சேர்ந்து தினம் போய் உட்காருகிற இடம் ஒன்று எங்கள் காவிரி டெல்டாவில் எல்லா ஊரிலும் இருக்கிறது. மண்ரோடு பிரிகிற முனையில், மதகுக்குப் பக்கத்தில், ரயில்வே கேட்டில், நெல் கொள்முதல் நிலையத்து வாசலில். டீக்கடை.

எங்கள் அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டில் டீ இருக்கும், குடித்துவிட்டேகூடப் போவார். திரும்பி வரும்போது கை நிறைய சேதி இருக்கும். பாமணியாற்றில் தண்ணீர் எந்த மதகு வரைக்கும் வந்திருக்கிறது, முறை வைத்து விடுகிறார்களா, நடவுக்கூலி இந்தத் தடவை எவ்வளவு, எந்த ஊரில் கொள்முதல் நிலையம் திறக்கப்போகிறார்கள், யாருடைய நிலம் விலைக்கு வருகிறது. எங்களுக்கு இருந்தது கொஞ்சம் நிலம். அதில் காலையிலிருந்து நின்றது அம்மா. நாற்று பறித்தது, ஆள் கூட்டியது, களை எடுத்தது எல்லாம் அம்மா. ஆனால் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது அப்பா டீக்கடையிலிருந்து திரும்பிய பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். அப்பா மறந்துவிட்டால் தெரியாது. அம்மா அதைக் குறையாகச் சொன்னதில்லை. எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் அது குறையாகத் தெரிந்தது.

நான் சுய உதவிக் குழுக்களின் கணக்கு நோட்டுகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். வீடு மன்னார்குடியில். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வேலை, திருவாரூர் மாவட்டம்தான் அதிகம், பிறகு நாகப்பட்டினம், தஞ்சாவூர், சில நாள் மயிலாடுதுறை வரைக்கும். அதனால் தினம் ஒரு டீக்கடை என்பது எனக்குக் கஷ்டமில்லை. போகிற வழியில் இருப்பதுதானே. 2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ஆம் தேதி திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். போர்செட் இருந்தவர்கள் குறுவை வைத்தார்கள், இல்லாதவர்கள் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். அந்த வாரத்தில் ஆரம்பித்தேன். பெஞ்சில் உட்காரவேண்டும், கிளாஸில் குடிக்கவேண்டும், கிளாஸ் காலியாகும் வரை எழுந்திருக்கக் கூடாது, போன கடைக்குத் திரும்பப் போகக் கூடாது. இவ்வளவுதான் நான் வைத்துக்கொண்டது.

நான் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாகும்

முதல் கடை நீடாமங்கலத்தில், ரயில்வே கேட் பக்கம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்லவேண்டாம். கேட் போட்டால் இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் ஆம்புலன்ஸும் வரிசையாக நின்றுவிடும், நெல் ஏற்றிய கூட்ஸ் வந்தால் கேட்கவே வேண்டாம். டீ மாஸ்டருக்கு அதுதான் வியாபார நேரம். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் அவர் கிளாஸ்களை வரிசையாக அடுக்கிவிட்டார், ஒவ்வொன்றிலும் சர்க்கரை, மேலே டிகாஷன், பாய்லருக்குப் பக்கத்துச் சட்டியிலிருந்து பால், பிறகு இரண்டு குவளையில் ஆற்றி மறுபடி கிளாஸில். கை நிற்கவே இல்லை. டிகாஷன் துணி கறுத்து, பிழிந்து பிழிந்து நுனி கூராகியிருந்தது. யாருக்கு ஸ்ட்ராங், யாருக்குச் சர்க்கரை கம்மி என்று அவர் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே போட்டார்.

பெஞ்சில் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஓரத்தில் இடம் இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அவருக்கு அடுத்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, "உக்காருங்க டீச்சர்" என்று ஒருவர் சொல்லவும் செய்தார். நான் டீச்சர் இல்லை. ஆனால் வண்டியும் தோள்பையும் வைத்திருக்கிற பெண் எங்கள் ஊர்களில் டீச்சர்தான், இல்லையென்றால் நர்ஸ். ஒரு நிமிடத்தில் அந்த நீள பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன், அவர்கள் எல்லாரும் ரோட்டோரமாக நின்று குடித்தார்கள். பேச்சும் நின்றுவிட்டது.

இது அநேகமாக எல்லா இடத்திலும் நடந்தது. வடுவூரில் நடந்தது, வலங்கைமானில் நடந்தது, குடவாசலில் நடந்தது. சில இடங்களில் உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரும், "உள்ள வாங்க, ஃபேன் இருக்கு" என்பார்கள். பலகாரத் தட்டுக்குப் பின்னால், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து உபசரிப்பார்கள். உபசாரம் உண்மையான உபசாரம்தான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சில கடைகளில் காசு வாங்கவே மாட்டேன் என்று நின்றார்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வெளியே பெஞ்சில் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழாது. மரியாதை கொடுத்து ஓரமாக உட்காரவைப்பது என்று ஒன்று உண்டு, அதைக் கொடுக்கிறவர்களுக்கே அது தெரியாது. நான் "பரவால்லண்ணே, இங்கயே உக்காந்துக்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஆனாலும் பெஞ்ச் காலியாகும்.

கூத்தாநல்லூரிலும் நாகூரிலும் கொஞ்சம் வேறு மாதிரி. ராத்திரி பத்து மணிக்கும் கடைத்தெரு விழித்திருக்கும், நாகூரில் இறால் வைத்த வாடா என்ற பலகாரத்தைச் சுடச்சுட எடுத்துக் கொடுப்பார்கள். தர்காவுக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் கடை வாசலிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும், அந்தக் கூட்டத்தில் நான் ஒரு ஆள், யாரும் எழுந்திருக்கவில்லை. வேளாங்கண்ணியிலும் அப்படித்தான். யாத்திரைக்காரர்கள் வந்து போகிற ஊரில் பெஞ்சுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

கும்பகோணத்துக்கு வேலையாகப் போன நாட்களில் காபி கடைகளில் உட்கார்ந்தேன். அங்கே பெண்கள் உட்காருவது புதிதில்லை, ஃபேமிலி ரூம் என்று திரை போட்டுப் பழக்கிய ஊர்கள் இவை. ஆனால் அந்தக் காபி கிளப்புகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரே ஓட்டலில் ஒரு சாதிக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்று இருந்த காலம் ரொம்பப் பழைய காலம் இல்லை. போர்டில் இருக்கும் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் முன்னால் பெரியார் மறியல் நடத்தியது 1957இல். அரசியல் சட்டம் வந்து ஏழு வருடத்துக்குப் பிறகு. ஒரு காபி குடிக்கிற இடத்துக்கு இவ்வளவு சண்டை எதற்கு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இந்த ஒரு வருடத்தில் அந்தச் சண்டை எதற்கு என்று நன்றாகவே புரிந்துவிட்டது.

சேதி எங்கே இருக்கிறது

காலியாகாத பெஞ்சுகளும் கிடைத்தன. மழைக்கு ஒதுங்கிய கூட்டம் இருந்தால் எழுந்து போக இடமிருக்காது. கொள்முதல் நிலையம் பக்கத்துக் கடையில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு நான் யார் என்று கவலையில்லை. அந்த மாதிரி இடங்களில் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். எவ்வளவு சேதி! கோரையாற்றில் எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, நீர்வளத்துறை ஆள் எப்போது வருவார், எந்த டிப்போவில் உரம் இறங்கியிருக்கிறது, அறுவடை மெஷின் மணிக்கு என்ன கேட்கிறான், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எந்த நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள், எங்கே காயவைக்கச் சொல்லி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்தின் வருட வருமானம் நிற்பதும் விழுவதும் இந்தச் சேதிகளில்தான். இதெல்லாம் எந்த அலுவலகப் பலகையிலும் இந்த வேகத்தில் வராது.

கோட்டூர் பக்கம் ஒரு குழுவில் ஒரு அம்மா இருக்கிறார். வீட்டுக்காரர் இறந்த பிறகு குத்தகை நிலத்தைத் தானே பார்க்கிறார். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டக் கடைசித் தேதி நவம்பர் 15 என்பதும், அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர் விவரம் எழுதிய அடங்கல் சான்று வாங்கவேண்டும் என்பதும் ஊரில் ஆண்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இவருக்குத் தெரிந்தபோது ஒரு நாள்தான் பாக்கி. "யாரும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன். "யாரு சொல்லுவா? டீக்கடையில பேசியிருப்பாங்க. எனக்கு டீக்கடைக்குப் போக ஆள் இல்லையே" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், வீட்டில் மாடு இல்லை என்று சொல்கிற மாதிரி. வீட்டுக்காரர் போனதில் அவர் இழந்தது ஒரு ஆளை மட்டுமில்லை, ஊர்ச்சேதி வருகிற ஒரே வழியையும் சேர்த்துத்தான். டெல்டாவில் நடவும் களையும் பெண்களின் கையில். அந்தப் பயிருக்குத் தேவையான சேதியோ பெண்கள் உட்காராத பெஞ்சில்.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் எங்கள் பக்கம் நடந்திருக்கிற மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு, தாலுகா ஆபீசுக்கு, அம்மா வீட்டுக்கு என்று பெண்கள் தாங்களே கிளம்பிவிடுகிறார்கள், யாரிடமும் காசு கேட்கவேண்டியதில்லை. அப்புறம் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்றால் நிஜமாகவே நிற்கிறார்கள். நிழற்குடை இருந்தால் அதன் சிமெண்ட் திட்டு உடைந்திருக்கும், பக்கத்திலேயே கூரை போட்ட டீக்கடையில் பெஞ்ச் இருக்கும், பெஞ்சில் இடமும் இருக்கும். ஒருவர்கூடப் போய் உட்காரமாட்டார்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் பஸ் ஏறுவார்கள்.

நவம்பர் கடைசி

இத்தனையும் எனக்கு அதுவரை பெண்கள் விஷயமாகத்தான் தெரிந்தது. நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் அதை மாற்றிவிட்டது.

ஃபெஞ்சல் புயல் கரையேறுவதற்கு முன்னாலேயே டெல்டாவில் மழை கொட்டிவிட்டது. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று எல்லாப் பக்கமும் சம்பா நீரில் நின்றது. நான் கீழ்வேளூர் தாண்டி ஒரு ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். வண்டி ஓட்டமுடியாத மழை. பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, முன்பக்கம் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடைக்காரர் வழக்கம்போல உள்ளே நாற்காலி போட்டார், நான் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்ததால் மறுக்காமல் உட்கார்ந்தேன். டீ கிளாஸில் வந்தது.

தார்ப்பாயின் ஓரத்தில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில், ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். வயலில் தண்ணீர் வடியவைக்கிற வேலை முடித்து வந்தவர்கள். காலில் முழங்கால் வரை சேறு. பெஞ்சில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், மீதி பெஞ்ச் காலி. பெண்களும் டீ வாங்கினார்கள், எல்லாருக்கும் பேப்பர் கப்பில். அதில் ஒரு வயதான அம்மா இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு அதன் சூட்டில் கையைக் காயவைத்தார். "ஆயா, இப்படி வந்து உக்காருங்க" என்றேன். அவர் சிரித்தார். "இருக்கட்டும் டீச்சரம்மா. நின்னுக்கிறேன்." நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் பாலைக் கிண்டிக்கொண்டே, "அவங்க உக்கார மாட்டாங்க டீச்சர்" என்றார். "ஏன்?" என்றதற்குப் பதில் இல்லை.

நான் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள், அது எனக்குப் பழகிய விஷயம். "இப்ப யாரும் இல்ல, வாங்க" என்று மறுபடி கூப்பிட்டேன். கூட்டத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். அவள் மற்றவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆயா உட்காரவில்லை, ஆனால் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் கேட்காமலேயே சொன்னார், குரலைத் தாழ்த்தவும் இல்லை. அவருடைய அம்மா கொட்டாங்கச்சியில் குடித்தாராம். இவர் காலத்தில் தனி கிளாஸ், கூரைக் கீற்றில் செருகியிருக்குமாம், தானே எடுத்துக் குடித்துத் தானே கழுவிச் செருகிவிட்டுப் போகவேண்டும். "இப்ப கப்பு. கழுவற வேலை இல்ல. அதுவரைக்கும் லாபம்" என்றார்.

எனக்கு இன்னொரு டீ வேண்டும்போல இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துச் சொன்னேன். கடைக்காரர் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் பேப்பர் கப்.

தட்டில் கழுவிக் கவிழ்த்த கிளாஸ்கள் வரிசையாக இருந்தன, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. எழுந்து நின்று குடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்களின் கையிலும் கிளாஸ். உள்ளே நாற்காலியில் இருந்தபோது எனக்கும் கிளாஸ். வெளியே வந்து அந்தப் பெண்ணோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எனக்குக் கப் மாறிவிட்டது. கடைக்காரர் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. அவர் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்த்தார். அதுதான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கப் விஷயம்

அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கையைத்தான் பார்த்தேன், யார் கையில் கிளாஸ், யார் கையில் கப் என்று. எல்லாருக்கும் பேப்பர் கப் கொடுக்கிற கடைகள் நிறைய, கழுவ ஆள் இல்லை என்பார்கள், உண்மைதான். எல்லாருக்கும் கிளாஸ் கொடுக்கிற கடைகளும் நிறைய, அவற்றைப் பார்த்தால் மனசு நிறையும். ஒரே கிளாஸ் ஒருவர் வாயிலிருந்து வெந்நீரில் முங்கி எழுந்து இன்னொருவர் வாய்க்குப் போகிறது, யார் குடித்தது என்று யாரும் கேட்பதில்லை, இந்த மண்ணில் அது லேசில் நடந்த காரியமில்லை. மூன்றாவது வகைக் கடைகளும் இருக்கின்றன, எண்ணிக்கையில் குறைவுதான், இரண்டும் இருக்கும், யாருக்கு எது என்று கேட்காமலேயே கை போகும். முகத்தைப் பார்த்தே சர்க்கரை கம்மி போடத் தெரிந்த அதே கை.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. குப்பைக்காக வந்த தடை அது, கடைகளில் ஒழிந்தபாடில்லை. தனிக் குவளைக்கு வந்த சட்டம் அதைவிட ரொம்பப் பழசு. சென்னை மாகாணத்திலேயே 1938இல் தீண்டாமைக்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் ஓட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமையைத் தண்டிக்கிற 1955ஆம் வருடத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அங்கே வைத்திருக்கிற பாத்திரங்களையும் மற்ற பொருட்களையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதே குற்றம் என்கிறது. கிளாஸ் பாத்திரம். பெஞ்ச் மற்ற பொருள். எழுதினவர்கள் டீக்கடையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கும்போது தோன்றியது. ஆனால் யாரும் தடுக்காமலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தால் எந்தப் பிரிவில் கேஸ் போடுவது?

டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணிக்குப் போனேன். 1968இல் அதே நாள் ராத்திரி, கூலி நெல் அரைப்படி கூடுதலாகக் கேட்டதில் வளர்ந்த பகையில், ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்த ஊர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வருடா வருடம் அன்றைக்குச் செங்கொடியோடு வேன் வேனாக வருவார்கள். அன்று அந்த வழியில் இருந்த டீக்கடைகளில் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கிளாஸில் டீ குடித்து, சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அந்த வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த டீ அதுதான். எதிரே ஒரு வயதான தோழர், திருத்துறைப்பூண்டிக்காரர். டீக்கடையில் சமமாக உட்காரவேண்டும், ஒரே கிளாஸில் குடிக்கவேண்டும் என்று கொடியோடு கடைக்குள் நுழைந்த நாட்களைச் சொன்னார். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் அவர் அப்பா காலத்துக் கதைகள், கடை நுழைவு அவரே செய்தது. "அப்ப உங்க வீட்டுப் பொம்பளைங்களும் வந்து உக்காந்தாங்களா தோழர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊர்வலத்துக்கு வந்தாங்க, ஜெயிலுக்கு வந்தாங்க. டீக்கடைக்கு வரலம்மா" என்றார். மழுப்பாமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பைபாஸ் ஓரத்தில் இப்போது பித்தளை டபராவோடு பளபளவென்று காபிக் கடைகள் வந்திருக்கின்றன. கார் நிறுத்தி, டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகலாம். எல்லாருக்கும் ஒரே டபரா, யாரும் யாரையும் கேட்பதில்லை. இதுதான் தீர்வு, பெஞ்சே இல்லையென்றால் பெஞ்ச் தகராறும் இல்லை என்று என் தம்பி சொல்கிறான். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்க முடியாது, அவர் சென்னை போய்க்கொண்டிருப்பார். எனக்கு வேண்டியது பெஞ்ச் இருக்கிற கடை. அதில் அந்த ஆயாவும் கோட்டூர் அம்மாவும் உட்கார்ந்திருக்கவேண்டும், அவர்கள் உட்கார்ந்த பிறகும் பேச்சு நிற்கக் கூடாது.

ஜனவரியில் அறுவடைக்கு நின்ற கதிர் மறுபடி மழையில் சாய்ந்தது. பிப்ரவரியில் கொள்முதல் நிலையங்களில் மூட்டையோடு வரிசை. அப்போது எங்கள் குழுக்களில் ஒன்று நிலையத்து வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு டீயும் சுழியமும் போட்டது. சீசன் முடியும் வரைதான். ஆனால் அங்கே பெஞ்ச் பெண்களுடையது, நெல் கொண்டுவந்த ஆண்கள் அதில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்த மாவட்டத்தில் எவ்வளவு மூட்டை தேங்கியிருக்கிறது என்று அந்தக் குழுத் தலைவி எனக்கே சொல்லுகிற அளவுக்குச் சேதி தெரிந்தவராகிவிட்டார்.

2025 ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைச் சரியாகத் திறந்தார்கள். ஜூலையில் வருடமும் முடிந்தது. போன கடைக்குத் திரும்பப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு விலகியதும் நான் முதலில் போனது அந்தக் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கடைக்கு. அந்த ஊரில் இரண்டு குழுக்கள் இருக்கின்றன, வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் எல்லாருமாக அங்கே டீ குடிக்கிறோம். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒரு குழுவுக்கு இப்போது கணக்கு எழுதுகிறாள். "எல்லாருக்கும் கிளாஸ்லயே குடுங்கண்ணே" என்று அவள்தான் சொல்வாள். கடைக்காரர் கொடுக்கிறார். போன மாதம் புதிதாக இன்னொரு பெஞ்ச் வாங்கிப் போட்டிருக்கிறார், பஸ் நிறுத்தத்துப் பக்கம், நல்ல வேப்பமரப் பலகை. "உங்களுக்குத்தான் டீச்சர், வசதியா இருக்கும்" என்றார். கூட்டம் அதிகமானதால் போட்டாரா, பழைய பெஞ்சை விட்டு எங்களை நகர்த்தப் போட்டாரா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி. ஆயாவுக்குப் புது பெஞ்ச் பிடித்திருக்கிறது, அங்கே உட்காரலாம் என்கிறார், அவர் உட்காருவதாகச் சொன்னதே எனக்குப் பெரிய விஷயம். கணக்கு எழுதுகிற பெண் முடியாது என்கிறாள். பழைய பெஞ்சில்தான் பேப்பர் இருக்கிறது, அங்கேதான் தண்ணீர் பேச்சும் கூலிப் பேச்சும் நடக்கிறது என்கிறாள். நான் அவள் பக்கம். வரும் வியாழக்கிழமை பாதிப் பேர் பழைய பெஞ்சிலும் பாதிப் பேர் புதிதிலும் உட்காருவது என்று பேசி வைத்திருக்கிறோம், அந்த ஆண்கள் எந்தப் பெஞ்சுக்குப் போகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.